மேல்மாடி ஃப்ளஷ் டேங்க் நிறைய கால் மணி நேரம் ஆகிறது, டேங்கையே மாற்ற வேண்டுமா?

தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடியும் உள்ள வீடு. போர் தண்ணீர் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து எல்லாத் தளத்துக்கும் இறங்குகிறது. தரைத்தளத்தில் ஃப்ளஷ் டேங்க் இரண்டு நிமிடத்தில் நிறைந்துவிடுகிறது, இரண்டாம் மாடியில் கால் மணி நேரம் ஆகிறது. வந்து பார்த்த பிளம்பர், "மேல்மாடியில பிரஷர் இருக்காது சார், டேங்கையே புதுசா போட்டுடலாம்" என்று சொல்லியிருக்கிறார். மாற்றினால் சரியாகிவிடுமா என்பது உங்கள் கேள்வி. டேங்க் என்பது தண்ணீர் பிடித்து வைக்கும் ஒரு பாத்திரம்தான். குடம் மெதுவாக நிறைந்தால் குடத்தை மாற்ற மாட்டோம், குழாயைத்தான் பார்ப்போம். எனவே தொட்டியிலிருந்து டேங்குக்கு வரும் வழியில் தண்ணீர் எந்த இடத்தில் தடைபடுகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு ஸ்பேனரும், ஒரு லிட்டர் பாட்டிலும், கைபேசியில் உள்ள கடிகாரமும் போதும்.

பிளம்பர் சொன்ன பிரஷர் விஷயத்தை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். தொட்டித் தண்ணீரின் மேல்மட்டத்துக்கும் ஃப்ளஷ் டேங்கின் வால்வுக்கும் இடையே உள்ள உயரம்தான் பிரஷர். 10 மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. உங்கள் தொட்டி தளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்து, பாதித் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டாம் மாடி டேங்குக்குக் கிடைப்பது சுமார் 9 அடி உயரம், அதாவது கால் கிலோவுக்குச் சற்று மேல். தரைத்தளத்துக்கு இன்னும் 20 அடி கூடுகிறது, மொத்தம் 29 அடி. உயரம் மூன்று மடங்கானால் தண்ணீரும் மூன்று மடங்கு வரும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை, வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 29-ஐ 9-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.8. கீழே 2 நிமிடம் என்றால், அதே வால்வும் அதே குழாயும் இருக்கும் மேல்மாடியில் மூன்றரை, மிஞ்சினால் நான்கு நிமிடம் ஆக வேண்டும். உங்களுக்கு 15 நிமிடம் ஆகிறது. மிச்சம் 11 நிமிடத்தை உயரத்தின் தலையில் கட்ட முடியாது. எங்கோ அடைப்பு இருக்கிறது, அல்லது குறைந்த பிரஷருக்கு ஒத்துவராத வால்வு இருக்கிறது. உயரம் மட்டும் காரணமல்ல என்பது உறுதி. எந்த இடம் என்பது அளந்தால்தான் தெரியும்.

அளப்பதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மெதுவாக நிறைவதுபோலத் தெரியும் பல டேங்குகள் உண்மையில் ஒழுகும் டேங்குகள். அடியில் உள்ள ரப்பர் சீல் சரியாக உட்காராமல், வருகிற தண்ணீரில் ஒரு பகுதி கழிப்பறைக் கிண்ணத்துக்குள் நழுவிக்கொண்டே இருக்கும். டேங்க் நிறைந்ததும் ஆங்கிள் காக்கை (டேங்குக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூட, சுவரில் இருக்கும் சிறு வால்வு) மூடிவிட்டு, கேசரி பவுடர் இரண்டு சிட்டிகையை டேங்கில் கரைத்துவிடுங்கள். யாரும் ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விடுங்கள். கிண்ணத்தில் இருக்கும் தண்ணீரில் ஆரஞ்சு நிறம் இறங்கியிருந்தால் கோளாறு அடிசீலில்; இங்கே கீழே எழுதுகிற எதுவும் அதற்குப் பொருந்தாது. மஞ்சள்தூளைப் போட வேண்டாம், ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் கறை பிடித்துக்கொள்ளும். நிறம் இறங்கவில்லை என்றால் உள்ளே வரும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் வழியை மனதில் ஓட்டிப் பாருங்கள். தொட்டியின் அவுட்லெட், அதையடுத்து ஒரு கேட் வால்வு, சுவரில் இறங்கும் குழாய், பாத்ரூமுக்குள் பிரியும் அரை இஞ்ச் குழாய், சுவரில் திருகியிருக்கும் ஆங்கிள் காக், அதிலிருந்து டேங்குக்குப் போகும் கனெக்‌ஷன் ட்யூப், டேங்கின் இன்லெட் வால்வு, அதற்குள் ஒரு வடிகட்டி. கடைசியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போவதுதான் சரியான முறை. பெரும்பாலான கோளாறு கடைசி ஒன்றரை அடிக்குள் இருக்கும். அங்கே கை வைப்பதும் எளிது.

ஆங்கிள் காக்கை மூடி, ஒருமுறை ஃப்ளஷ் செய்து டேங்கைக் காலி செய்யுங்கள். கீழே ஒரு வாளி வையுங்கள். கனெக்‌ஷன் ட்யூபின் மேல்முனை நட்டை, அதாவது டேங்கின் பக்கம் இருப்பதை, கழற்றுங்கள். பிளாஸ்டிக் நட்டாக இருந்தால் கையாலேயே வரும். ஸ்பேனர் போட வேண்டியிருந்தால், மறு கையால் டேங்குக்குள் இருக்கும் வால்வைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வால்வு முழுவதும் சேர்ந்து சுற்றி, மிதவை போய் டேங்கின் சுவரில் முட்டிக்கொள்ளும். ட்யூபின் முனை இப்போது கையில் இருக்கிறது. அதை வால்வு இருந்த அதே உயரத்தில் பிடித்து, ஒரு லிட்டர் பாட்டிலின் வாயில் வைத்து, இன்னொருவரை விட்டு ஆங்கிள் காக்கை முழுவதும் திறக்கச் சொல்லுங்கள். உயரத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: ட்யூபைத் தரைக்கு இறக்கினால் 2, 3 அடி பிரஷர் கூடுதலாகக் கிடைத்துவிடும். மொத்தமே 9 அடி உள்ள இடத்தில் அது பெரிய ஏமாற்று. பலர் இங்கேதான் தவறுகிறார்கள்; தரையில் வாளியை வைத்துப் பார்த்துவிட்டு லைன் நன்றாக இருப்பதாக முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஒரு லிட்டர் 10 விநாடிக்குள் நிறைந்தால் நிமிடத்துக்கு 6 லிட்டர். இப்போது வரும் இரட்டைப் பொத்தான் டேங்குகள் முழு ஃப்ளஷுக்கு 6 லிட்டரும் அரை ஃப்ளஷுக்கு 3 லிட்டரும் எடுப்பவை. பழைய டேங்குகள் 10 லிட்டர் எடுக்கும். ஆக, இந்த வரத்து இருந்தால் எந்த டேங்கும் இரண்டு நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். குழாய் வழி நன்றாக இருக்கிறது, கோளாறு வால்வுக்குள் என்று அப்போதே முடிவு செய்துவிடலாம். ஒரு லிட்டருக்கு 30, 40 விநாடி ஆனால் வால்வைத் தொடவே வேண்டாம். ட்யூபையோ ஆங்கிள் காக்கையோ அதற்கு முந்தியதையோதான் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே கெட்டிருக்கும் வீடுகளும் உண்டு. போர் தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் படியாது. அதனால் ஒன்றைச் சரிசெய்த பிறகு மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

ட்யூபில் தண்ணீர் நன்றாக வருகிறது என்று வைத்துக்கொண்டு வால்வுக்கு வருவோம். ட்யூபைக் கழற்றிய இடத்தில், வால்வின் திருகுக் கழுத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சுண்டுவிரல் நுனி அளவில், தையல்காரர் விரலில் மாட்டும் தொப்பி போன்ற ஒரு பிளாஸ்டிக் வடிகட்டி உள்ளே செருகியிருக்கும். சில மாடல்களில் அது ட்யூபின் வாஷரோடு ஒட்டிய தட்டையான வலையாக இருக்கும். அதன் விளிம்பை மூக்கு நீண்ட பிளேயரால் பிடித்து, இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பி நேராக இழுங்கள். வெளியே வந்ததை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வலையின் கண்கள் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியதுபோல அடைந்திருக்கும். அதன் மேல் காவி நிறத்தில் வழவழப்பான சேறு. மூலையில் ஓரிரு மணல் துகள், சில சமயம் குழாய்த் திருகில் சுற்றும் டெஃப்லான் டேப்பின் வெள்ளை நார். அவ்வளவு பெரிய டேங்குக்குப் போகும் தண்ணீர் முழுவதும் இந்தச் சின்ன வலையின் திறந்திருக்கும் ஐந்தாறு கண்கள் வழியாகத்தான் இத்தனை நாளும் போயிருக்கிறது.

சேறு குழாய்த் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் போய்விடும். வெள்ளைப் படிவு போகாது. அது போர் தண்ணீரின் கால்சியம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கொடுப்பார்கள்), வடிகட்டியை அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள். வினிகரும் ஆகும், நேரம் கொஞ்சம் கூடும். முதலில் குமிழி விடும். குமிழி நின்ற பிறகு தேய்த்தால் உதிர்ந்துவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை இதற்கு எடுக்கவே வேண்டாம். பித்தளையையும் குரோம் பூச்சையும் அது தின்றுவிடும், ரப்பரைக் கெடுக்கும். வீட்டில் பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரோடு அந்த ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் சிறிதாக உள்ள பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

வடிகட்டியைத் தூர எறிந்துவிட்டு "இப்ப நல்லா வருது" என்று சொல்லிப் போகிறவர்கள் உண்டு. தண்ணீர் நன்றாகத்தான் வரும், சில மாதங்களுக்கு. பிறகு மணல் வால்வின் ரப்பருக்குப் போய், டேங்க் நிறைந்த பிறகும் தண்ணீர் நிற்காமல் வழியத் தொடங்கும். கழுவி, வந்த வழியே திரும்பச் செருகுங்கள்.

வடிகட்டி சுத்தமாக இருந்தும் மெதுவாக வந்தால், வால்வின் கழுத்துக்குள் இன்னும் ஒன்றைத் தேடுங்கள். பல புதிய வால்வுகளோடு, நடுவில் சிறு துளையுள்ள ஒரு பிளாஸ்டிக் வளையமோ குப்பியோ வரும். பம்ப் பிரஷரில் ஓடும் லைனுக்காக, தண்ணீர் இரைச்சலோடு பாயாமல் இருக்கப் போடும் கட்டுப்படுத்தி அது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் லைனில் அதற்கு வேலையே இல்லை, எடுத்துவிடலாம். துளையின் அளவு எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு: உங்கள் 9 அடி உயரத்தில் 3 மி.மீ. துளை வழியாக நிமிடத்துக்கு 2 லிட்டருக்கும் குறைவாகத்தான் வரும். 10 லிட்டர் டேங்க் நிறைய 5 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே இடத்தில் 6 மி.மீ. துளை இருந்தால் நான்கு மடங்கு வரும். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிறது, அவ்வளவுதான். அடுக்குமாடியில், எல்லா வீட்டுக்கும் சேர்த்து பிரஷர் பம்ப் வைத்திருக்கும் இடத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அந்த வளையத்தை எடுத்துவிட வேண்டாம். எடுத்தால் வால்வு ஒவ்வொரு முறை மூடும்போதும் குழாயில் சம்மட்டி அடிப்பதுபோலச் சத்தம் வரும்.

அடுத்தது வால்வின் தலை. டேங்க் மூடியைத் திறந்து, ஃப்ளஷ் செய்து, தண்ணீர் வரும்போது மிதவையை விரலால் கீழே அழுத்திப் பாருங்கள். வரத்து சட்டென்று கூடினால் மிதவை எங்கோ மாட்டிக்கொண்டு முழுவதும் இறங்காமல் இருக்கிறது என்று பொருள். வழுக்குப் பாசியோ, உப்புப் படிவோ, மிதவை சுவரில் உரசுவதோ காரணமாக இருக்கும். துடைத்து, வால்வைச் சற்றுத் திருப்பி வைத்தால் தீர்ந்தது. நீண்ட கம்பியின் முனையில் பந்து இருக்கும் பழைய வகையாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பந்து மேலே ஏற ஏற அந்த வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வரும். கடைசி இரண்டு மூன்று அங்குலம் இழுத்துக்கொண்டே போவது அதன் இயல்பு. டேங்க் பாதிக்கு மேல் வேகமாக வந்து, கடைசியில் மட்டும் சொட்டுச் சொட்டாக நிறைந்தால் அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குப்பி மிதவை நேராக மேலும் கீழும் ஓடும் புதிய வகையில் உள்ளே ஒரு ரப்பர் தட்டு இருக்கும். அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி. ரப்பர் தட்டின் கீழே லைன் தண்ணீர். ஊசி நுழையும் அளவு துளை ஒன்றின் வழியாக அதே தண்ணீர் தட்டின் மேல்பக்கமும் வந்து நிறைகிறது. மேலே உள்ள அழுத்தம் தட்டை அமுக்கி வழியை அடைக்கிறது. மிதவை இறங்கும்போது தலையில் உள்ள வேறொரு சிறு துளை திறந்து, மேலே நின்ற தண்ணீரை வெளியே விடுகிறது. உடனே கீழேயிருக்கும் தண்ணீர் தட்டைத் தூக்கிக்கொண்டு பாய்கிறது. ஆகவே தலையில் உள்ள துளை அடைத்தால் தட்டு சரியாகத் தூக்காது, டேங்க் மெதுவாக நிறையும். தட்டில் உள்ள ஊசித்துளை அடைத்தால் நேர்மாறு, தண்ணீர் நிற்கவே நிற்காது. தட்டைத் தூக்குவது லைன் பிரஷர்தான் என்பதால், மேல்மாடியில் இந்த வகை வால்வுக்குக் கூடுதல் சிரமம். கால் கிலோ பிரஷரில் புது ரப்பர் தூக்கிக்கொடுக்கும். நாலைந்து வருஷம் உப்புத் தண்ணீரில் ஊறி விறைத்த ரப்பர் அரைகுறையாகத் தூக்கும். நான் மேலே போட்ட வர்க்கமூலக் கணக்குக்குக் கட்டுப்படாத மந்தம் இங்கிருந்துதான் வருகிறது. தரைத்தளத்தில் அதே வயசு ரப்பர் பிரச்சினையே கொடுக்காமல் இருக்கலாம்.

கழற்றுவது கடினமில்லை. ஆங்கிள் காக்கை மூடுங்கள். வால்வின் தலையைப் பிடித்து இடப்பக்கமாகச் சிறிது திருப்பினால் பெரும்பாலான மாடல்களில் மூடி விட்டுக்கொடுக்கும். சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு கிளிப் இருக்கும். ரப்பர் தட்டு எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் வால்வின் மேல் ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கவிழ்த்துப் பிடித்து, ஆங்கிள் காக்கைப் பத்து, பதினைந்து விநாடி முழுதாகத் திறந்துவிடுங்கள். உள்ளே இருக்கும் மணலும் செதிலும் அடித்துக்கொண்டு வெளியே வரும். கப் இல்லாவிட்டால் கூரை வரை நனையும். ரப்பர் தட்டை விரலால் வளைத்துப் பாருங்கள். மெத்தென்று வளைந்தால் நல்லது, கெட்டியாக இருந்தாலோ விளிம்பில் வெடிப்பு தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான். துளைகளை ஊசியால் குத்திப் பெரிதாக்க வேண்டாம். தண்ணீரில் ஊதிச் சுத்தம் செய்யுங்கள், அல்லது சிட்ரிக் ஆசிட் தண்ணீரில் சிறிது நேரம் போடுங்கள். டேங்குக்குள் நீல மாத்திரை, குளோரின் மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். ரப்பரை அவை சீக்கிரம் கெடுக்கும்.

ட்யூபிலேயே தண்ணீர் மந்தமாக வருகிறது என்றால் வால்வை விட்டுவிட்டு ட்யூபின் கீழ்முனையையும் கழற்றி, ஆங்கிள் காக்கின் வாயில் நேரடியாக அளந்து பாருங்கள். அங்கே வேகமாக வந்தால் ட்யூப்தான் குற்றவாளி. பிளாஸ்டிக் ட்யூப் டேங்குக்குப் பின்னால் மடங்கி நெளிந்திருக்கும். எஃகுப் பின்னல் போட்ட ட்யூப் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளேயிருக்கும் ரப்பர் உப்பி வழியைக் குறுக்கியிருக்கும். ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். தடையில்லாமல் காற்று போக வேண்டும். புது ட்யூப் வாங்கும்போது 18 அங்குலமா 24 அங்குலமா என்று அளந்து, வளைவு மடங்காத நீளத்தில், உள்துளை அகலமாக இருப்பதைப் பார்த்து எடுங்கள். இரு முனையிலும் ரப்பர் வாஷர்தான் தண்ணீரைத் தடுக்கிறது. அந்தத் திருகில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டியதில்லை. கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று போதும். பலத்தைக் காட்டினால் பிளாஸ்டிக் கழுத்து முறியும், பீங்கானில்கூட விரிசல் விழும்.

ஆங்கிள் காக்கின் வாயிலேயே மந்தம் என்றால் இரண்டு சாத்தியம். காக் அடைத்திருக்கிறது, அல்லது அதற்கு முந்திய லைன் மந்தம். பக்கத்தில் உள்ள ஹெல்த் ஃபாசெட்டையும் வாஷ்பேசின் குழாயையும் திறந்து பாருங்கள். அவை நன்றாக வந்தால் கோளாறு ஆங்கிள் காக்கில். பல சுற்று திருகும் பழைய காக்கில் உள்ளே உள்ள வாஷர் தண்டிலிருந்து கழன்று, கைப்பிடியை எவ்வளவு திறந்தாலும் வாயிலேயே உட்கார்ந்துகொள்ளும். கால் சுற்றில் திறக்கும் வகையில் தட்டுகளுக்கிடையே உப்பு படியும். பழுது பார்ப்பதைவிட மாற்றுவது நல்லது. மாற்ற, மொட்டைமாடியில் வால்வை மூடி லைனைக் காலி செய்ய வேண்டும். புதுக் காக்கின் திருகில் டெஃப்லான் டேப்பை, திருகு இறுகும் திசையிலேயே பத்துச் சுற்று சுற்றுங்கள். பழைய காக் அசையாமல் பிடித்திருந்தால் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள். சுவருக்குள் இருக்கும் எல்போ (வளைவு இணைப்பு) சி.பி.வி.சி. பிளாஸ்டிக்காக இருந்தால் முரட்டுத்தனமாகத் திருகும்போது உடையும். அப்புறம் டைலை வெட்டித்தான் தீர வேண்டும். இந்த ஒரு வேலையில் அனுபவமுள்ள கைக்கு மதிப்பு அதிகம்.

காக்கைக் கழற்றியதும் சுவர்த்துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகக் கட்டிய வீடுகளில் குழாய் ஒட்டும் பசை உள்ளே பிதுங்கி மோதிரம்போல உறைந்து, பாதி வழியை மறைத்திருக்கும். சிமெண்டுக் கட்டி, சணல் நூல் எல்லாம் அங்கே கிடைக்கும். 30, 40 வருஷத்து வீட்டில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பாக இருந்தால் துரு உள்ளே வளர்ந்து, அரை இஞ்ச் வழி பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதற்கு மருந்து எதுவும் இல்லை, அந்தக் குழாயையே மாற்ற வேண்டும். உங்கள் வீடு எந்த வயது என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் உங்களுக்கு இதுதானா என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

மேல்மாடியில் எல்லாக் குழாயுமே மந்தம் என்றால் மொட்டைமாடிக்கு ஏறுங்கள். தொட்டியின் அடியில் உள்ள கேட் வால்வில் ஒரு நுட்பமான கோளாறு வரும். கைப்பிடி நன்றாகச் சுற்றும். ஆனால் உள்ளே உள்ள தகடு தண்டிலிருந்து கழன்று பாதி வழியில் நின்றுவிட்டிருக்கும். திறந்துவிட்டதாகவே நாம் நினைத்துக்கொண்டிருப்போம். முடிவே இல்லாமல் சுற்றுவதும், சுற்றும்போது கனமே தெரியாததும் அதன் அடையாளம். கால் சுற்றில் திறக்கும் பால் வால்வாக மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை, கைப்பிடி குழாயின் திசையில் இருந்தால் திறந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும்.

இன்னொன்று ஏர் லாக், அதாவது குழாயில் காற்று சிக்கித் தண்ணீரைத் தடுப்பது. தொட்டி ஒருமுறை முழுவதும் காலியாகி, மோட்டார் போட்டு நிரப்பிய பிறகு மேல்மாடியில் மட்டும் வரத்து குறைந்தால், குழாய் இருமிக் காற்றோடு தண்ணீரைத் துப்பினால், இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். குழாய் தொட்டியிலிருந்து இறங்கி, கைப்பிடிச் சுவரைத் தாண்ட ஒருமுறை மேலே ஏறி மறுபடி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கும். கீழ்த்தளத்துக்கு உள்ள உயரம் அந்தக் காற்றைத் தள்ளிவிடும். மேல்தளத்து 9 அடிக்கு அந்தத் தெம்பு இருக்காது. எல்லாக் குழாயையும் கீழிருந்து மேலாக ஒன்றன்பின் ஒன்றாக முழுவதும் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பலமுறை இதுவே போதும். அடிக்கடி வந்தால், தொட்டியை விட்டு வெளியே வரும் குழாயில் கேட் வால்வுக்கு அடுத்து ஒரு காற்றுக் குழாய் வைத்து, அதன் வாய் தொட்டியின் நிறைமட்டத்துக்கு மேலே இருக்கும்படி நிறுத்தச் சொல்லுங்கள்.

எல்லாம் சுத்தம் செய்தும் நான்கு நிமிடத்துக்குக் கீழே வரவில்லை என்றால் உங்கள் இடத்துக்கு அதுதான் எல்லையாக இருக்கலாம். அப்போது இன்லெட் வால்வை மட்டும் மாற்றுங்கள், டேங்கை அல்ல. கடையில் பழைய வால்வைக் கையோடு கொண்டுபோய், தண்ணீர் அடியிலிருந்து ஏறுகிறதா பக்கவாட்டிலிருந்து வருகிறதா, கழுத்து எவ்வளவு உயரம் என்று பொருத்திப் பார்த்து, குறைந்த பிரஷருக்கானது என்று கேட்டு வாங்குங்கள். அட்டைப் பெட்டியில் குறைந்தபட்ச பிரஷர் அச்சிட்டிருக்கும், 0.5 பார், அதாவது ஏறக்குறைய அரை கிலோ, என்று போட்டிருந்தால் உங்கள் மாடிக்கு அது உதவாது. கம்பி முனையில் பந்து இருக்கும் பித்தளை பால் காக் பழைய காலத்துச் சரக்காகத் தோன்றலாம், ஆனால் தட்டைத் தூக்க லைன் பிரஷரை நம்பாமல் மிதவையின் எடையாலேயே திறப்பதால், துளை பெரிதாக உள்ளது கிடைத்தால் இந்த இடத்துக்கு அது நன்றாகவே பொருந்தும். தொட்டியை மூன்றடி ஸ்டாண்டில் ஏற்றினால் 9 அடி 12 அடியாகும், வேகம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் கூடும். இதற்காக மட்டும் அந்தச் செலவு தேவையில்லை. பிரஷர் பம்ப் கடைசி வழி. அடைப்பை வைத்துக்கொண்டு பம்ப் போட்டால் அடைப்பு அங்கேயே இருக்கும். பழைய ட்யூபும் வாஷரும்தான் முதலில் ஒழுகும்.

சுவருக்குள் மறைத்த டேங்குக்கும் இதே வரிசைதான். ஃப்ளஷ் பொத்தான் தகட்டைக் கழற்றினால் அந்தச் சிறு சன்னல் வழியாகவே உள்ளே ஒரு குட்டி அடைப்பானும் வால்வும் கைக்கு எட்டும். இடம் குறுகல் என்பதால் எந்தத் திருகும் உள்ளே விழாமல் துணி போட்டுக்கொள்ளுங்கள்.

போர் தண்ணீர் வீட்டில் வடிகட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும். சிறுவாணி போன்ற மென்தண்ணீர் வரும் வீடுகளில் வருஷத்துக்கு ஒருமுறைகூடப் போதும். மொட்டைமாடித் தொட்டியைக் கழுவும் நாளில், ஆள் தொட்டிக்குள் இறங்குவதற்கு முன்பே வீட்டில் உள்ள எல்லா ஃப்ளஷ் டேங்கின் ஆங்கிள் காக்கையும் மூடிவிடுங்கள். கழுவி நிரப்பிய பிறகு, ஒவ்வொரு தளத்திலும் வாளி பிடிக்கும் குழாயைத் திறந்து கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை விட்டு, அதற்கப்புறம் காக்குகளைத் திறக்க வேண்டும். தொட்டி கழுவிய மறுநாள் ஃப்ளஷ் டேங்க் நிறையவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை, கழுவும்போது கிளம்பிய சேறு அப்படியே இறங்கி அந்த விரல்நுனி வலையில் போய் நின்றதால் வருபவை.